விடிவதற்கு முன் பிறந்தவர்கள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். லேப்டாப்பை மேசையிலேயே வைக்கலாம். கோப்புகளை அந்தப் பக்கம் தள்ளுங்கள், வரிசை மட்டும் மாறக்கூடாது. கீழே பேப்பர் கட்டிங் மெஷின் ஓடுகிறது, அதனால்தான் மேசை நடுங்குகிறது. பத்து நிமிடத்தில் பழகிவிடும். எனக்குப் பத்து வருடமாகப் பழகவில்லை, அது வேறு விஷயம்.

மணி என்ன, மூன்று இருபதா? நான்கு மணிக்கு ஓர் அம்மா வருகிறார், சாத்தூரிலிருந்து. அதற்குள் நாம் முடித்தாக வேண்டும். நான் நடுநடுவே எழுந்து சன்னலுக்குப் போனால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று காலையிலிருந்தே இப்படித்தான், ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

தலைவர் உங்களிடம் என்ன சொல்லி மதுரையிலிருந்து வரவழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சி வெப்சைட்ல ஒரு காலண்டரைப் போட்டு ஊர்ல இருக்கிற எல்லாரோட நட்சத்திரத்தையும் கெடுத்து வெச்சிருக்காரு, வந்து மாத்திக் குடுங்க." இதைத்தானே? சிரிக்கிறீர்கள். அப்படியானால் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார்.

மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. என் தரப்பையும் ஒருமுறை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

நான் இந்தச் சங்கத்தின் திருமணத் தகவல் மையத்துக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது, டீ உண்டு. அதற்கு முன் முப்பத்தோரு வருடம் இதே சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. என்ன அச்சகம் என்று நினைக்கிறீர்கள்? தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். ஒரு தாளில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று என்றைக்காவது எண்ணியிருக்கிறீர்களா? இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, அவை எத்தனை மணி எத்தனை நிமிடம் வரை, ராகு காலம், எமகண்டம், சூலம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். முந்நூற்று அறுபத்தைந்து தாள். அத்தனையும் என் கண்ணைத் தாண்டித்தான் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போயிற்று. முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு பிழை. ஒரு வருடம் ஜூன் பதினேழு இரண்டு முறை வந்துவிட்டது. ஒருவர்கூடப் புகார் எழுதவில்லை. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் யார் புகார் செய்வார்கள்? ஆனால் நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

என் வீட்டம்மா சொல்வாள், "நீங்க பேசுறதும் அச்சுல அடிச்ச மாதிரியே இருக்கு, கொஞ்சம் மனுஷர் மாதிரி பேசுங்க" என்று. வராது சார். பிழை இருக்குமோ என்று பயந்து பயந்து பேச்சும் இப்படி ஆகிவிட்டது.

சரி, காட்டுங்கள், என்னென்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?

இது என்ன, தொட்டால் ஒரு மாதம் கட்டம் கட்டமாகத் திறக்கிறதா? பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய தேதியில் திறக்கிறதே. பிறந்த தேதியைக் கேட்கிற இடத்தில் இன்றைய தேதி எதற்கு? இன்றைக்குப் பிறந்தவனுக்கா நாம் பெண் தேடுகிறோம்? முப்பத்தைந்து வயதுப் பெண் தன் பிறந்த மாதத்துக்குப் போக இந்த அம்புக்குறியை நானூற்று இருபது தடவை அமுக்க வேண்டும். அமுக்கி முடிப்பதற்குள் அவளுக்கு முப்பத்தாறு ஆகிவிடும்.

இது இரண்டாவதா? சக்கரம் மாதிரி உருள்கிறது. எங்கள் ஆட்கள் விரலில் உருட்டினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் போய் நிற்கும். முன்பு ஒரு முறை நின்றது. நூற்று நான்கு வயது மாப்பிள்ளைக்கு மூன்று வீட்டிலிருந்து போன் வந்தது, சொந்த வீடு உண்டு என்று போட்டிருந்ததால்.

மூன்றாவது வெறும் பெட்டிகள்தானா? நாள், மாதம், வருடம், மணி, நிமிடம் எல்லாவற்றையும் தட்டித்தான் எழுத வேண்டும். பார்க்க ரேஷன் கடை விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. பெனிட்டாவும் முதலில் இதைத்தான் கொண்டுவந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

பெனிட்டா யாரென்று தலைவர் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் இணையதளத்தைக் கட்டிய பெண். கெட்டிக்காரி, வாயும் நீளம். அவளுக்கும் எனக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில். அந்த விஷயத்துக்காகத்தான் நீங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கேளுங்கள்.

நம் தளத்தில் ஒருவர் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் நட்சத்திரத்தைத் தளமே கணித்துவிடும். அதைத் தாளில் எடுத்துச் சங்க முத்திரை குத்தி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அந்தத் தாளை வைத்துத்தான் இரண்டு வீட்டாரும் பொருத்தம் பார்ப்பார்கள். ஆகவே தேதி சரியாக இருக்க வேண்டும். இல்லையா? இங்கேதான் சிக்கல். நம் ஆட்களுக்கு நாள் என்பது எப்போது தொடங்குகிறது? நடுராத்திரி பன்னிரண்டுக்கா? கடிகாரத்துக்கு அப்படி. நமக்குச் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். ஒரு தாயைக் கேளுங்கள், "செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பெத்தேன்" என்பாள். கடிகாரப்படி அது புதன்கிழமை. பழைய ஜாதகக்காரர்கள் இதை அறிந்து, 'செவ்வாய் விடிந்தால் புதன்' என்று எழுதி வைத்தார்கள். ஒரு மயக்கமும் வராது. உங்கள் காலண்டர் எதற்காவது அப்படி எழுதத் தெரியுமா?

அதனால் நான் பெனிட்டாவிடம் ஒரு விதி போடச் சொன்னேன். யார் நடுராத்திரிக்கு மேல் விடிவதற்குள் ஒரு நேரத்தைக் கொடுத்தாலும், அவர்கள் சொல்வது முந்தைய நாள் ராத்திரியின் தேதி என்று எடுத்துக்கொண்டு, தளமே ஒரு நாளைக் கூட்டிக் கணிக்க வேண்டும். தமிழருக்குத் தமிழ் நாள். இதில் என்ன தவறு?

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அங்கிள், ஆஸ்பத்திரி சர்டிபிகேட் வெச்சிருக்கிறவங்க ஏற்கெனவே மாறின தேதியைத்தான் போடுவாங்க. நீங்க அதுக்கு மேல ஒண்ணு கூட்டினா எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப் போயிரும். பேசாம, அம்மா சொன்னதா, சர்டிபிகேட்டில் இருந்ததான்னு ஒரு கேள்வியைக் கேட்ருவோம்." நான் சொன்னேன், கேள்வி கேட்டால் பதிலிலும் பிழை வரும், விதி போட்டால் வராது என்று. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இந்த விதியை விளக்கி ஒன்பது வரி எழுதியும் வைத்தேன். நல்ல தமிழ். ஒருவரும் படிக்கவில்லை.

"அப்ப நீங்களே பாத்துக்கங்க அங்கிள்" என்று போய்விட்டாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

புகார் வந்தது, மறுக்கவில்லை. அறுநூற்றுப் பதினான்கு பதிவில் நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் விடிவதற்கு முன் பிறந்தவர்கள். எங்கள் பிள்ளை ரோகிணி, உங்கள் தாளில் மிருகசீரிடம் என்று இருக்கிறது என்கிறார்கள். நான் என்ன சொல்வது? உங்கள் ஜோசியர் தவறாகக் கணித்திருப்பார் என்று சொன்னேன். விருதுநகரில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோன பிறகுதான் தலைவர் கமிட்டியைக் கூட்டினார். விதியை எடுத்துவிடுவது, காலண்டரையும் மாற்றுவது என்று தீர்மானம். ஒன்பது பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் உள்ளே வந்ததும் வராததுமாக ஒன்று கேட்டீர்களே, பழைய பதிவுகளையும் திருத்த வேண்டுமா என்று? விதியை எடுத்தால் எல்லாப் பக்கமும் தானாகவே மாறிவிடும் என்றீர்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு இன்னும் கொஞ்சம் இருப்புக்கொள்ளாமல் ஆனது. ஒரு நிமிடம், படியில் யாரோ. இல்லை, கீழே கடைக்கு வந்தவர்.

காராச்சேவு எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தூர்ச் சரக்கு. செண்பகவல்லி கொண்டுவந்து கொடுத்தது. அவளைப் பற்றிச் சொன்னால்தான் என் காலண்டர் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குப் புரியும்.

செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து வயது. இங்கே தபால் ஆபீஸில் கவுண்டரில் இருக்கிறாள். தினம் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுகிறவள், ஆகவே தேதி விஷயத்தில் என் இனம். ஒன்பது வருடமாக அவள் பெயர் நம்மிடம் இருக்கிறது. முதலில் கைப்பட எழுதிய விண்ணப்பம், நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பயம் இருக்கிறதே, உங்கள் பக்கத்திலும் உண்டா? எந்தப் பழைய நூலிலும் இது இல்லை சார். நான் தேடியிருக்கிறேன், ஏழு நூல் பார்த்தேன். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் நூல் பார்த்துவிட்டா வருகிறார்கள்? இருபத்திரண்டு வீடு. போட்டோ பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது, நட்சத்திரம் கேட்டதும் வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம். கலந்துகொண்டே இருக்கிறார்கள் இன்றுவரை. ஒவ்வொரு முறையும் நான்தான் அவள் அப்பாவுக்குப் போன் செய்து சொல்வேன். கடைசி ஐந்தாறு தடவை அவர் நான் பேசுவதற்கு முன்பே "சரிங்க அண்ணாச்சி" என்று வைத்துவிடுவார்.

போன தை மாதம் புதுத் தளம் வந்தது. அவள் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவு செய்தாள். பதினான்காம் தேதி, புதன், அதிகாலை இரண்டு பத்து. தளம் கணித்தது. என்ன நட்சத்திரம் வந்தது சொல்லுங்கள் பார்ப்போம். மகம். ராசி சிம்மம். ராஜ நட்சத்திரம் என்று கொண்டாடுகிறார்களே, அந்த மகம்.

நான் அன்றைக்கு இந்த அறையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். ஏன் என்றால், பழைய ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். 'புதன்கிழமை, மணி 2.10' என்று மொட்டையாக எழுதியிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாய் 'புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணி' என்று சொல்லியிருக்கிறார். ஜோசியர் அதைக் கடிகாரத்துப் புதன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். உண்மையில் அது புதன் விடிந்தால் வியாழன். ஒரு சோம்பேறி ஜோசியரின் பிழை, ஒன்பது வருடம் ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது என் காலண்டர். அந்தத் தாய் இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்திருக்கலாம், நாலு வருடம் முன்பு காலமாகிவிட்டார். அவள் அப்பாவிடம் பழைய ஜாதகத்தைத் தூக்கிப் போடச் சொன்னேன். இரண்டே மாதம். சாத்தூரில் கோமதியம்மாள் வீட்டில் பேசி முடிந்தது. மகன் திருமலைக்குமார், ரயில்வேயில் இருக்கிறான், முப்பத்தெட்டு வயது. அவர்கள் விண்ணப்பத்தில் 'ஆயில்யம், மூலம் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. இவள்தான் மகமாயிற்றே. ஆவணி இருபத்தாறு கல்யாணம். இன்றைக்கு எண்ணினால் ஒன்பது நாள்.

பையனும் பெண்ணும் அதற்குள் நன்றாகப் பேசிப் பழகிவிட்டார்கள். மாலையில் தபால் ஆபீஸ் வாசலில் அவன் வண்டி நிற்கும். அவள் அப்பா எனக்குத் தானே போன் செய்கிறார் இப்போது. விஷயம் ஒன்றும் இருக்காது, "சும்மாதான் அண்ணாச்சி" என்பார்.

இந்தப் பெண் போன வாரம் இங்கே வந்தாள் சார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கையில் இந்தக் காராச்சேவுப் பொட்டலம். கமிட்டி காலண்டரை மாற்றப்போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறாள். "சார், உங்க காலண்டர்தான் சரி. அதை மாத்தவே கூடாது" என்றாள். அறுநூற்றுப் பதினான்கு பேரில் ஒருத்தி. அடியில் எழுதியிருந்த ஒன்பது வரியையும் படித்திருக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவள் சும்மா பாராட்டிவிட்டுப் போகவில்லை, நுணுக்கமாக மூன்று கேள்வி கேட்டாள். மாற்றினால் பழைய பக்கங்களும் மாறுமா? ஏற்கெனவே முத்திரை குத்திக் கொடுத்த தாள் செல்லுமா? மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவணி இருபத்தாறு வரைக்குமாவது தள்ளிப்போட முடியுமா? கல்யாணத்துக்குப் பிறகு அவளால் வந்து கமிட்டியிடம் வாதாட முடியாது அல்லவா, அந்த அக்கறை. போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு காலண்டருக்காக. இந்தக் காலத்தில் யார் சார் ஒரு நல்ல விதிக்காகக் கண் கலங்குகிறார்கள்?

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

மூன்று நாற்பது. மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டட்டுமா? இப்போது சாத்தூரிலிருந்து அந்தக் கோமதியம்மாள் எதற்கு வருகிறார் என்றால், விருதுநகர்ச் செய்தி அங்கேயும் போய்விட்டது. சங்கத்துத் தாளில் நட்சத்திரமெல்லாம் தப்பு என்று. என் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம், புதிய தேதி போட்டு ஒரு தாளும் வேண்டுமாம். வரட்டும். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? ஆதாரத்தோடு காட்டுவேன். அவள் கோப்பிலேயே எல்லாம் இருக்கிறது. எடுத்துக் காட்டுகிறேன், நீங்களும் பாருங்கள். மதுரைக்குப் போய் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

இதுதான். செண்பகவல்லி. இது கைப்பட எழுதிய விண்ணப்பம். இது பழைய ஜாதகத்தின் நகல், பார்த்தீர்களா, மொட்டையாகப் புதன்கிழமை. இது போட்டோ. இது என்ன உறை? ஒன்பது வருடம் முன்பு அவள் அம்மா கொடுத்தது, 'இணைப்பு' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் இதைப் பிரித்ததே இல்லை போலிருக்கிறது. கைப்பட விண்ணப்பம் இருந்ததால் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டு. மஞ்சளாகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

'அனுமதி: பதிமூன்றாம் தேதி, மாலை 6.40. பெண் குழந்தை. பதினான்காம் தேதி, அதிகாலை 2.10.'

பதிமூன்று சாயங்காலம் சேர்த்திருக்கிறார்கள். எட்டு மணி நேரத்தில் குழந்தை. பதிமூன்று செவ்வாய். அப்படியானால் பதினான்கு, புதன்.

செவ்வாய் விடிந்தால் புதன்.

உள்ளே இன்னொரு தாளும் இருக்கிறது. காலண்டர்த் தாள் சார். கிழித்து நான்காக மடித்து வைத்திருக்கிறார் அந்த அம்மா. பதினான்காம் தேதித் தாள். அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர். அந்த வருடம் நான்தான் பார்த்தேன். 'ஆயில்யம் இரவு 9.12 வரை, பின்பு மகம்.' இந்த 9.12 எனக்கு நினைவு இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 9.21 என்று வந்திருந்தது, நான்தான் எண்ணை மாற்றிப் போட வைத்தேன். இரவு ஒன்பது வரை ஆயில்யம் என்றால் அன்று அதிகாலை இரண்டு பத்துக்கு வேறு என்ன இருக்க முடியும்?

ஜோசியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறேன். நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள்? அவள் கண் கலங்கினாள் என்று சொன்னபோதா? அதற்கும் முன்பா? சொல்லியிருக்கலாமே சார்.

அவளுக்குத் தெரியும். தை மாதத்திலேயே தெரிந்திருக்கும். தினமும் முத்திரையில் தேதி மாற்றுகிறவளுக்கு ஒரு நாள் கூடினது தெரியாதா? ஒன்பது வரியையும் அதற்காகத்தான் படித்திருக்கிறாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஐம்பது. இருங்கள், நான் கொஞ்சம் நடந்துகொள்கிறேன். நடந்தால்தான் யோசனை வரும்.

சரி. இப்போது ஒரு கேள்வி. விதியை எடுத்தால் எல்லாமே மாறிவிடும் என்றீர்கள். புகார் கொடுத்த நாற்பத்து மூன்று பேருக்கு மட்டும் திருத்திவிட்டு, மற்றதை இருக்கிறபடி நிறுத்தி வைக்க முடியுமா? முடியும் என்கிறீர்கள். கமிட்டி கேட்டால்? திருத்தம் கேட்டவர்களுக்குத் திருத்தியாயிற்று, கேட்காதவர்கள் பக்கத்தை அவர்களைக் கேட்காமல் தொடுவது முறையல்ல என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் சொல்வேன். பாதியிலேயே தலைவர் எழுந்து போய்விடுவார். அந்த வித்தை எனக்குக் கைவந்தது.

மறைக்கிறேன் என்று நினைக்கிறீர்களா? நினையுங்கள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். அச்சகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லைத் தவறு என்று அடித்துவிட்டோம், பிறகு அடித்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அப்போது அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைப்போம். இது இப்படியே இருக்கட்டும், கை வைக்காதே என்று அச்சுக் கோப்பவனுக்கு அர்த்தம். சரியான சொல்லுக்குத்தான் வைப்போம். தவறு என்று தெரிந்த ஒன்றுக்கு நான் புள்ளி வைத்ததில்லை. பென்சிலைக் கொடுங்கள். இந்தக் கோப்புத் தாளில், 'மகம்' என்று இருக்கிறதே, அதற்கு அடியில். ஒன்று, இரண்டு, மூன்று.

உறையை நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். கல்யாணத்தன்று அவளிடமே கொடுத்துவிடலாம். அவள் அம்மா மடித்து வைத்த தாள், அவளிடம்தான் இருக்க வேண்டும்.

காலண்டரா? அந்த மூன்றாவதையே போடுங்கள். ஆமாம், ரேஷன் கடை விண்ணப்பம்தான். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: அம்மா சொன்னதா, சர்டிபிகேட்டில் இருந்ததா? என் ஒன்பது வரியையும் எடுத்துவிடுங்கள். பெனிட்டாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

செருப்புச் சத்தம். இது அவர்தான். நீங்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள், என்னைப் பார்க்காதீர்கள்.

வாருங்கள் அம்மா, வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. இவர் மதுரையிலிருந்து வந்திருக்கிறார், நம் தளத்தைப் பார்க்க. இவர் முன்னால் பேசலாம். டீ சொல்லட்டுமா? சேவு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ச் சரக்குதான், செண்பகவல்லி கொண்டுவந்தது. என்ன? நீங்கள் வாங்கிக் கொடுத்தனுப்பியதா? போன வாரமா? அவளை இங்கே போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னதே நீங்கள்தானா?

ஓகோ.

இல்லை அம்மா, ஒன்றுமில்லை, புரையேறிவிட்டது. உங்கள் சந்தேகம் என்னவென்று தெரியும். விளக்கமாகச் சொல்கிறேன். நாள் என்பது நடுராத்திரியில் தொடங்குவது கடிகாரத்தின் கணக்கு. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து...

வேண்டாமா? 'நீங்க மகம்னு தாள்ல போட்டா மகம், அதுக்கு மேல எனக்கு எதையும் விளக்காதீங்க' என்கிறீர்கள். உங்கள் நாத்தனார்மார் இரண்டு பேர் வாயை மூட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதானா? விண்ணப்பத்தில் அடிக்கோடு போட்டு எழுதியதும் அவர்கள்தானா? நான் அப்போதே பார்த்தேன், கையெழுத்து ஒன்று, எழுத்து வேறு.

சரி அம்மா. சங்கப் பதிவில் மகம் என்றுதான் இருக்கிறது. இருக்கும். மாறுமா என்கிறீர்களா? மாறாது, இதோ இந்த சார் பொறுப்பு. அவர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

இதோ தாள் வருகிறது. இந்த மெஷின் முதல் தாளைக் கொஞ்சம் கசக்கித்தான் கொடுக்கும். பெயர் சரி, ஊர் சரி, நட்சத்திரம்... இருக்கிறது. முத்திரை. இது கொஞ்சம் மங்கல், இன்னொரு முறை குத்துகிறேன். கையெழுத்து. உங்கள் மகன் இப்போதே வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துவிட்டானா? என்ன நிறம் என்று அவளைக் கேட்டுத்தானா? நல்லது அம்மா.

கையெழுத்துக்குக் கீழே தேதி போட வேண்டும்.

சார், இன்றைக்கு என்ன தேதி?